பதினான்காம் சாவடி

நாகலூரோடு ஜீப் நின்றுவிட்டது.
மிச்ச மூன்று கிலோமீட்டர்
காப்பிச் செடிகளுக்கு இடையே
வாக்குப்பெட்டி சதாசிவத்தின் தலைமேல் வந்தது.

ஒன்றாம் வகுப்பறை. டிசம்பர்க் குளிர்.
யாரோ ஒரு கோரைப்பாய் கொடுத்தார்கள்.
டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
பாதியில் விட்ட மாயா அத்தியாயத்தைப் பிரித்தேன்.
லீவு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்த வேண்டும்.

மொத்தத்துக்கும் ஒரு பேரரசர்
இருந்ததே இல்லையாம்.
ஊருக்கு ஊர் ஓர் அரசர்,
ஊருக்கு ஊர் ஒரு சின்னம்:
பாம்புத் தலை, வௌவால், எலும்பு,
முடிந்து கட்டிய கூந்தல்.
பக்கத்தில் நாளைக்கான சீட்டுக்கட்டு:
பூட்டு சாவி, சீப்பு, கட்டில்.
சிரித்துவிட்டேன்.
சதாசிவம் புரண்டு படுத்தார்.

பணிந்த அரசர் அரசராகவே இருப்பார்.
அதே கிரீடம், அதே பந்தாட்டக் களம்.
கல்லில் மட்டும்
அவர் பட்டத்தோடு ஓரெழுத்து ஒட்டிக்கொள்ளும்.
இன்னாருடைய அரசர்.

வரும் வழியில் தண்ணீர்த்தொட்டியில்
பெண்களுக்கு ஒதுக்கிய வார்டின் சுவரொட்டி.
ஆண்டியப்பன் ஆளுயரம்.
அவர் முழங்காலருகே, தபால்தலை அளவில்,
ஆண்டியப்பன் மனைவி வெள்ளச்சி.

மழைக்கு அரசர்தான் பொறுப்பு.
தன் ரத்தத்தைக் காகிதத்தில் சொட்டி எரிப்பார்.
மழை வராத வருடங்கள் வந்தன.
சனங்கள் மூட்டை கட்டி நடந்தார்கள்,
கல் நின்ற இடத்திலேயே நின்றது.
'இதுவும் வாக்குப்பதிவா?' என்று
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.

சபை கூடும் வீட்டுக்குப் பெயர் பாய்வீடு.
பாய்க்குரியவர் என்றால் தலைவர்.
அதைப் படித்தபோது
என் பாயில் மூட்டைப்பூச்சி ஒன்று
பூத் சிலிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு மூடுபனி ஜன்னல்வரை.
முகவர் படிவத்தில் கையெழுத்திட
ஆண்டியப்பன் பேனாவைத் திறந்தார்.
"வேட்பாளர் போடணும்ங்க."
"நான்தானே எல்லாம்."
"வேட்பாளர் போடணும்."

வெள்ளச்சி வரிசையிலிருந்து வந்தாள்.
கையில் மிளகுக்கொடி கிழித்த கீறல்.
நான்கு எழுத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.
அதற்கு முன்னால் எதையும் எழுதவில்லை.
பேனாவை அவரிடம் கொடுக்கவில்லை,
மேசைமேல் வைத்தாள்.

எண்ணிக்கையில் சீப்பு ஜெயித்தது,
பதினோரு ஓட்டில்.

அன்று காலை என் முழங்கையில்
பாயின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது.
தேய்த்தும் போகவில்லை.
பத்து மணிவாக்கில் பார்த்தேன்,
காணோம்.