மீட்டர் பெட்டியின் உயரம்

மலாடு மேற்கில், சதுப்பு முடிந்து வீடு தொடங்கும் இடம்.
இந்தத் தண்ணீரை ஹீராபாய் காடி என்பாள்.
கழிமுகம் என்று அவர்கள் மொழியில் பொருள்.
நம் மொழியில் புளித்த நீர்.
மூக்கைக் கேட்டால் இரண்டும் சரி.
உப்பளக் குத்தகைக்காரர் பெஸ்தன்ஜியின் வரைபடத்தில் மூன்றாம் சேனல்,
மாநகராட்சிக் கணக்கில் நாலா,
புதுக் கட்டடத்துப் பலகையில்
தங்க எழுத்தில் கனால் வ்யூ.

நான் மின்சார மீட்டர் பார்க்கிறவன்.
எனக்கு எண்கள் போதும்.

படகு விடுவதற்காக இதை யாரும் வெட்டவில்லை.
கடலை அளந்து உள்ளே விட்டு
வெயிலில் காயப்போட்டு
வெள்ளையாய் வாரிக்கொள்ள வெட்டினார்கள்.
மதகு வைத்து, வா என்றால் வா, போ என்றால் போ என்றார்கள்.
கொஞ்ச காலம் கடலும் கேட்டுக்கொண்டிருந்தது.
உப்பு விலை விழுந்த வருஷம்
மதகின் தேக்குப் பலகை
மெஹ்ருன்னிஸாவின் முதல் வீட்டுக்குக் கதவானது.
அன்றுமுதல் அவளுக்குக் கதவு இருந்தது,
கடலுக்கு இல்லை.

எங்கள் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும்.
எந்த அதிகாரியும் திட்டமிட்டதில்லை.
உப்புப் பாத்திகள் அப்படி இருந்தன,
வரப்பில் நடந்தவன் வரப்பிலேயே சுவர் வைத்தான்.
அந்தச் சுவரில் சுண்ணாம்பு நிற்காது.
ஆணி இரண்டு மழைக்குத் தாங்காது.
பேச்சிமுத்து காலண்டரை நைலான் கயிற்றில் கட்டியிருக்கிறான்,
சாமி படத்தையும்.

வாய்க்கால் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?
இதற்கு வாயும் உண்டு, காலும் உண்டு.
காலையில் எறிந்த மெத்தை
சாயங்கால ஓதத்தில் நடந்து வீட்டுக்கு வரும்.
ஒற்றைச் செருப்பு, உடைந்த தொட்டில்,
முகம் கரைந்தும் தும்பிக்கை கரையாத ஒரு பிள்ளையார்.
அதனால்தானோ என்னவோ
இங்கே சண்டை போட்டவர்கள் யாரும்
நிரந்தரமாகப் பிரிவதில்லை.
சொன்ன சொல் திரும்பி வரும் என்று தெரியும்.

எண்பத்தாறில் மீட்டர் முழங்கால் உயரத்தில் இருந்தது.
பிறகு ஒரு ஆடி அமாவாசை,
இடுப்புக்கு ஏற்றினோம்.
இரண்டாயிரத்து ஐந்து ஜூலைக்குப் பின் என் நெற்றிக்கு.
இப்போது தலைக்கும் மேலே;
பிளாஸ்டிக் ஸ்டூலை இடுக்கிக்கொண்டு
வீடு வீடாகப் போகிறேன்.
இந்தப் பேட்டையின் வரலாறு கேட்டு யாராவது வந்தால்
சுவரைக் காட்டுவேன்:
பழைய ஆணித் துளைகள்
ஒன்றின்மேல் ஒன்றாக.
பயந்த தேதிகள்.

போன மாசி மாதம்
கனால் வ்யூ ஆட்கள் ஒரு படகு கொண்டுவந்தார்கள்.
பலூன், சிவப்புக் கம்பளம், பன்னீர் தெளிக்க ஒரு பெண்.
வீடு வாங்க வந்தவர்கள் வெள்ளை ஷூவோடு ஏறினார்கள்.
ஓதம் எப்போது வற்றும் என்று
யாரையும் கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு.
பதினொன்றரை மணிக்குப் படகு
சேற்றில் உட்கார்ந்தது,
குளித்து முடித்த எருமை போல.
ஹீராபாயின் மகன் பலகை போட்டுக் கரைசேர்த்தான்,
தலைக்கு ஐம்பது ரூபாய்.
பன்னீர்ப் பெண்ணிடம் வாங்கவில்லை.
அவள் அடுத்த தெரு சித்ராங்கி,
அவள் வீட்டு மீட்டரும் என் கணக்கில்தான்.

அப்படியும் கட்டடம் எழுந்துவிட்டது, பதினெட்டு மாடி.
நேற்று முதல் ரீடிங்.
காவலாளி கீழே கூட்டிப்போனான்,
கார்களுக்கும் கீழே, தரைக்கும் கீழே.
புது வர்ணத்தின் வாசனை. அதற்கு அடியில்
எனக்குத் தெரிந்த இன்னொரு வாசனை.
மூலையில் சுவர் லேசாக வெள்ளை பூத்திருந்தது.
தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
"என்ன அண்ணா?" என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.

நூற்று அறுபது மீட்டர்கள் வரிசையாக,
பளபளவென்று,
முழங்கால் உயரத்தில்.
குனிந்து குனிந்து எழுதிக்கொண்டேன்.
ஸ்டூல் தேவைப்படவில்லை.