ஏழாம் துண்டு

மட்டக்குளியில் பஸ்கள் இன்னும் தூங்குகின்றன.
அன்சலம், மிதக்கும் போத்தல்களைத் துடுப்பால் தள்ளித் தள்ளித்
தோணியைச் சேற்றில் ஏற்றிவிட்டு
"கெதியா" என்கிறான்.
களனி ஆறு கடலிடம் போய்த் தடுமாறுகிற இடம்.
நாங்கள் ஏழாம் துண்டு என்று எழுதுவதை
அவன் பேய்க்காடு என்கிறான்.
கொள்கலன் கொம்பனியின் வரைபடத்தில் அது
எதிர்கால விரிவாக்கம்.
எந்தப் பெயரில் அளந்தாலும்
இரண்டு கிரிக்கெட் மைதானம் தேறாது.

விதிகள் எளிது.
ஒரு புள்ளியில் நில். பத்து நிமிடம்.
ஐம்பது மீற்றருக்குள் கேட்டதை, கண்டதை எழுது.
ஒரே குரலை இரண்டு தரம் எழுதாதே.
மேலால் பறந்து போனது
இந்தக் காட்டின் கணக்கில் சேராது, அதற்கு வேறு கட்டம்.
காகத்தை விடச்சொல்லி எங்கும் இல்லை,
ஆனாலும் எல்லோரும் அதைக் கடைசியில்தான் எண்ணுகிறார்கள்.

ஐந்து ஐம்பது. ரிஃப்கா கடிகாரத்தை அழுத்துகிறாள்.
முதலில் நுளம்பு.
பிறகு துறைமுகத்தில் ஏதோ பாரவண்டி
பின்னால் வரும்போது போடும் ஊதல்;
அதே சுருதியில் பதில் சொல்லும் ஒரு குக்குறுவான்.
யாரிடம் யார் பழகியதோ.
எழுது: குக்குறுவான், ஒன்று, நாற்பது மீற்றர்.
வெறும் போத்தலுக்குள் ஊதுவதுபோல்
செண்பகம், ஒன்று.
சின்னான், இரண்டு.
உடம்பைவிடப் பத்து மடங்கு சத்தத்துடன் தையல்சிட்டு.
தில்லை மரத்துக்குள் ஏதோ அசைகிறது.
பால் தெறித்தால் கண் போகும் என்று
ரிஃப்கா தன் கண்ணைப் பொத்திக் காட்டுகிறாள்.
நான் கிளையை விலக்கவில்லை.
எழுது: தெரியாதது, ஒன்று.

வதிவது, வந்துபோவது
என்ற கட்டத்தில்தான் என் பென்சில் ஒவ்வொரு முறையும் நிற்கிறது.
வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் மேல்தட்டில்
அப்பா இன்னும் வைத்திருக்கிறார்
பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதியை.
தங்குவோர் பெயர். நிரந்தர முகவரி.
கொழும்பு வந்த காரணம். திரும்பும் திகதி.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
காரணத்துக்கு நேரே "பிள்ளையின் படிப்பு" என்று எழுதினார்,
திகதிக்கு நேரே ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டை
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி. ரிஃப்கா கையை உயர்த்துகிறாள்.
பென்சிலைக் காதில் செருகுகிறேன்.
அப்போதுதான்
கண்டல் வேர்களுக்குக் கீழே, சருகின் ஈரத்தில்,
இரண்டு சீழ்க்கை. ஏறி, ஒடிந்து.

ஆறுமணிக்குருவி.
இமயத்து அடிவாரத்தில் புறப்பட்டு
இரவிரவாய் வந்த உள்ளங்கை அளவு உடம்பு.
பெயரிலேயே நேரம் இருக்கிறது.
வாய் திறந்தது ஆறு மணி, பதினொரு செக்கன்.

"எழுதுவமா?"
"ஏலாது" என்கிறாள்.
நாலு வருஷத் தரவு. ஒருதரம் வளைத்தால்
முழுக்கணக்கையும் வளைந்தது என்பார்கள்,
விரிவாக்கக்காரர் தேடுவதே இப்படி ஓர் ஓட்டையைத்தான்.
அவள் சொல்வது சரி.
சரியாய் இருப்பவர்கள் இரண்டு பேர் சேற்றில் நிற்கிறோம்.
அது மறுபடி கூப்பிடுகிறது.
தோணியிலிருந்து அன்சலம் கத்துகிறான்:
"உங்கட குருவிதானே அது, கேக்கேல்லையா?"

ஏழாம் துண்டு. ஆறுமணிக்குருவி: சுழியம்.
பத்து நிமிடத்துக்குள் கேட்கவில்லை என்பதே இதன் பொருள்
என்று படிவத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி உண்டு.
அறிக்கை அச்சாகும்போது அந்த வரிக்கு இடம் போதாது.

தோணி திரும்புகிறது. தலைக்கு மேலால் ஒரு காகம்,
வேறு கட்டம், எழுதுகிறேன்.
கரையில் கால் கழுவும்போது ரிஃப்கா
யாருக்கும் என்றில்லாமல்
அந்தச் சீழ்க்கையை ஒருதரம் ஊதிப்பார்க்கிறாள்.
முதலாவது வருகிறது.
இரண்டாவது வெறும் காற்று.