சேத மதிப்பீடு

பதினாலு வருஷமாக என் வேலை
அடுத்தவர் வண்டியின் நசுங்கலைத் தடவிப் பார்ப்பது.
காப்பீட்டுக் கம்பெனி எந்த ஊருக்குத் தூக்கிப் போட்டாலும்
டார்ச், டேப்பு, கேமரா, ஒரு பழைய துண்டு.
நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு வண்டியை மட்டும் காட்டுங்கள்,
எந்த ஊரில் ஓடியது என்று சொல்லிவிடுவேன்.

சென்னை பின்பக்கம் நசுங்கும்.
முன்னால் போகிறவன் நிற்கக்கூடும் என்பதை
அங்கே யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.
பெங்களூர் நசுங்காது, உரசும்.
இரண்டு பக்கமும் பூனை பிறாண்டிய மாதிரி கோடு.
சில்க் போர்டைத் தாண்டுவதற்குள்
ஒருவர் நேர்காணல் முடித்து வேறு கம்பெனிக்கே மாறியிருப்பார்.
ஹைதராபாத்தில் மோதிய இரண்டு பேரும்
கதவைத் திறக்குமுன் போனை எடுப்பார்கள்,
இருவரின் மாமன்மாரும் வந்து சேரும்வரை
வண்டிகள் நடுரோட்டில் முட்டிக்கொண்டே நிற்கும்.
கோவையில், "பாத்து வரப்படாதுங்களா?"
அந்த 'ங்க'வுக்குள் திட்டு எங்கே இருக்கிறது என்று
கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.
கொச்சியில் மழை.
எல்லாவற்றுக்கும் மழை.

மதுரைக்கு வந்தேன்.
பக்கக் கண்ணாடிகளை எல்லாரும் மடக்கி வைத்திருந்தார்கள்.
விளக்குத்தூண் நெரிசலில் விரித்து வைத்தால்
யார் வீட்டுத் தீபாவளித் துணியாவது அதில் தொங்கும்.
மாசி வீதியில் எதிர்த்திசையில் வருகிறவர்
நமக்கு வழிவிடுவது போலக் கை காட்டி,
"அங்கிட்டு ஒதுங்கிக்கங்க" என்கிறார்.
நானும் ஒதுங்கி, நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
விபத்து எவ்வாறு நேர்ந்தது?
நாலு வரிக்குத்தான் இடம்.
சென்னைக்காரர் 'அவன்தான்' என்று முடித்துவிடுவார்.
பெங்களூர்க்காரர் வீடியோ அனுப்புவார்.
திருநகர் வெள்ளைப்பாண்டி
முந்தின நாள் காதுகுத்திலிருந்து ஆரம்பித்தார்.
கறிக்குழம்பில் உப்புக் கூடியது, மச்சினன் கோபித்துக்கொண்டது,
தாளின் பின்பக்கம், அப்புறம் ஓரம்.
லாரி வருவதற்குள் இடம் தீர்ந்துபோனது.
அப்படியே பாஸ் செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம்,
சிம்மக்கல்லில் பரோட்டாக் கடை முன்னால்
காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.
கண்ணாடி மடங்கியிருந்தது. இந்த ஊர்ப் பழக்கம்.
டிவிஎஸ் பிப்டியில் பத்து அட்டை முட்டையோடு
வாடிப்பட்டி சோணைமுத்து
கதவில் வந்து நின்றார்.
அவர் விழவில்லை. அட்டைகள்தான்.

பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டேன், சத்தியமாக.
அதற்குள் மாவுக் கையோடு மாஸ்டர் வெளியே வந்து
மூன்றாகப் பிரித்தார்: முழுசு, கீறல், காலி.
"காலி எழுவத்தெட்டு, அக்கா கணக்கு.
கீறல் நூத்திப் பதினாலு, பாதி வெலைக்கு நான் எடுத்துக்கிறேன்,
மீதிப் பாதியும் அக்கா.
முழுசு அண்ணனோடயே போகட்டும்.
எண்ணூத்திப் பத்து குடுத்துருங்க."
தேய்மானம், எஞ்சிய மதிப்பு, மூன்று நகல்,
நாற்பது நாள் என்று நான் இழுத்திருப்பேன்.
அவர் திரும்பிப்போய்க் கல்லில் எண்ணெய் விட்டார்.
கொத்தும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பணம் வந்துவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டே
சோணைமுத்து கேட்டார்:
"அக்கா மெட்ராஸுல இருந்தீங்களோ?"
எப்படித் தெரியும் என்றேன்.
"கதவத் தொறந்த வேகம்."

கதவில் ஒரு குழி, அவருடைய ஹேண்டில் அளவுக்கு.
என் பெயருக்கே ஒரு படிவம் எடுத்து வைத்துக்கொண்டு
ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
விபத்து எவ்வாறு நேர்ந்தது?
நான் பார்க்காமல் கதவைத் திறந்தேன்.
பதினாலு வருஷத்தில், ஐந்து ஊரில்,
இப்படி ஒரு வரியை நான் வாசித்ததில்லை.
அனுப்பவில்லை. டேஷ்போர்டில் கிடக்கிறது.

மூன்று தடவை கழுவியாகிவிட்டது.
கோரிப்பாளையம் சிக்னலில் வெயில் ஏறும்போது
கதவிடுக்கிலிருந்து இன்னமும்
முட்டை வாடை.