நேரசூசி

பென்சிலால்தான் எழுதுவேன்.
பேனாவால் எழுதிய நேரசூசி
ஒரு தவணை தாங்கியதாக
இந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் இல்லை.

பத்தாம் வகுப்பு, கணிதம்.
பெயர் போடும் கட்டத்தில்
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்துவிட்டது.
தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும்.

முதலில் கோகுலரமணன் சேர்.
கோண்டாவிலில் விடியமுன் பஸ் ஏறி
மாங்குளத்தில் இறங்கி, மல்லாவி பஸ் பிடித்து,
மிச்சத்துக்கு யாருடையதோ மோட்டார்சைக்கிள்.
இரண்டாம் பாடவேளைக்கு வந்து சேர்வார்,
ஏழாம் பாடவேளையில் வீதியைப் பார்ப்பார்.
நல்ல மனிசன்.
மடக்கை தொடங்கிய கிழமை இடமாற்றம் வந்தது.
பலகையில் பாதிக் கணக்கு.
பிள்ளைகள் பத்து நாள் அதை அழிக்க விடவில்லை.

பிறகு ஒரு வருசமும் நாலு மாதமும்
விளையாட்டு சேர், மேற்பார்வை என்று எழுதினேன்.
மேற்பார்வை என்றால் சத்தம் வராமல் பார்ப்பது.
வலயத்துக்கு ஒன்பது கடிதம்.
ஒன்பதாவதுக்குப் பதில் வந்தது:
கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

இருபத்தேழு பேர் சோதனை எழுதி
கணிதத்தில் ஐந்து பேர் சித்தி,
ஐந்து பேரும் மல்லாவிக்கு ரியூசன் போனவர்கள்.
ஜெசிந்தனுக்குத் தமிழில் ஏ.
தொழில்நுட்பம் படிக்க ஆசைப்பட்டவன்,
கல் ஏற்றும் டிப்பரில் நிற்கிறான்.
என்னைக் கண்டால் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவான்.
நான் குனிந்து குடையை விரிப்பேன்,
வெயில் இல்லாவிட்டாலும்.

போன ஆனியில் பட்டதாரி நியமனம்.
கேட்டது கணிதம் ஒன்று, விஞ்ஞானம் ஒன்று.
வந்தது இந்து நாகரிகம் மூன்று,
நாடகமும் அரங்கியலும் ஒன்று.
கச்சேரி வாசலில் கொட்டகை போட்டு
நூற்று முப்பது நாள் இருந்து எடுத்த வேலை.
அவர்களை என்ன சொல்ல?
பற்றிஸ் வாங்கி வரவேற்றோம்.

மூன்றாம் நாள் தயாளினி கதவடியில்.
"மிஸ், பத்தாம் வகுப்புக் கணக்கை நான் எடுக்கட்டோ?
எனக்கு ஓ எல்லில சி."
சிரிப்பு வந்தது எனக்கு,
பிறகு சிரித்ததற்கு வெட்கம்.

இரவில் படித்ததைக் காலையில் படிப்பிக்கிறாள்.
யானைவெடி கேட்கக் கேட்க
முக்கோணி ஒருங்கிசைவு பார்த்தாளாம்.
பலகையில் பிழைத்தால் திரும்பி,
"எங்க பிசகினது?" என்று அவர்களையே கேட்கிறாள்.
கடைசி வாங்கிலிருந்து அபிசாயினி எழும்பி,
"சயக்குறி, ரீச்சர்."
வாயே திறக்காத பிள்ளை அது.

இந்த முறை இருபத்துநாலில் பதினொன்று.

வலயத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
கணித ஆசிரியர் வெற்றிடம்: உண்டு, இல்லை.
உண்டு என்றால் அவளைத் தூக்கி
வேறெங்கோ இந்து நாகரிகத்துக்குப் போடுவார்கள்.
இல்லை என்றால்
இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

மணி அடித்துவிட்டது.
எட்டாம் வகுப்பு, விஞ்ஞானம், கட்டம் வெறுமை.
படிவத்தின்மேல் வெண்கட்டிப் பெட்டியை வைத்துவிட்டு
ஒரு கட்டியோடு நடக்கிறேன்.
நான் படித்தது புவியியல்.