முன்பின் தெரிந்தவள்

இஸ்தான்புல், ஷிஷ்லி.
மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
மூக்குகளைப் படமெடுப்பது என் வேலை.
கத்திக்கு முன் ஒன்பது படம்,
கத்திக்குப் பின் ஒன்பது படம்.
நேராக, இடமாக, வலமாக, அண்ணாந்து,
கடைசியில் ஒன்று சிரித்தபடி.
சிரிக்கும்போது மூக்கு என்ன செய்கிறதென்று
டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம்.

முன்பெல்லாம் நடிகைகளின் படத்தோடு வருவார்கள்.
இப்போது தங்கள் படத்தோடேயே வருகிறார்கள்.
ஃபோனை நீட்டி
"இது நான்தான், என்னை இப்படி ஆக்கிவிடுங்கள்"
என்கிறார்கள்.
படத்தில் இருப்பவளுக்குத் தோலில் ஒரு புள்ளி கிடையாது,
தூக்கம் கெட்ட ஓர் இரவுகூடக் கிடையாது.
ஒரு விரல் தேய்ப்பில் பிறந்தவள்.
அவளுக்குத்தான் ஐயாயிரம் இதயங்கள் விழுந்திருக்கின்றன.
எதிரில் உட்கார்ந்திருக்கும் இவள்
வெறும் ஒரிஜினல்.

யெலிஸ் வந்தது போன மார்ச்சில்,
ஆர்தெஷெனிலிருந்து பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில்.
கருங்கடல் கரையில் மலை சரிந்து வந்து
தண்ணீரைக் கண்டதும் சட்டென்று நிற்குமே,
அப்படி ஒரு மூக்கு.
தேயிலை ஆலையில் எடை போடுகிற அப்பாவுடையது.
அத்தைகள் நால்வருக்கும் அதே சரிவு.
படத்துக்கு அடியில் யாரோ எழுதினார்களாம்:
"முதலில் மூக்கு உள்ளே வந்தது,
பெண் பிறகுதான் வந்தாள்."
முப்பத்தோரு பேர் சிரித்திருந்தார்கள்.
எண்ணி வைத்திருந்தாள்.
அதில் இருவர் அத்தை மகள்கள்,
அதே மூக்கோடு சிரித்தவர்கள்.

மூக்குடைபட்டால் அவமானம் என்பார்கள்.
இவள் அவமானம் தீர
மூக்கை உடைத்துக்கொள்ள வந்திருந்தாள்,
பன்னிரண்டு மாதத் தவணையில்.

ஒன்பதாவது படத்துக்குச் சிரிக்கச் சொன்னேன்.
கையால் மறைத்துக்கொண்டாள்.
முன்-படத்தில் எதையும் மறைக்கக் கூடாது, விதி, என்றேன்.
சிரித்தாள்.
முகம் முழுக்க அந்த மலைமேல் ஏறி இறங்கியது.
வேண்டியதற்கு மேல் நாலு படம் எடுத்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

நான்கு மாதம் கழித்து வந்தாள்.
பொய் சொல்ல மாட்டேன், அழகான மூக்கு.
மூக்கும் முழியுமாக இருந்தாள்,
சுரங்க ரயிலில் எதிர் வரிசையில்
எப்போதும் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியைப் போல.
முகம் பார்த்துத் திறக்கும் அவள் ஃபோன்
கட்டுப் பிரித்த அன்று மூன்று முறை உற்றுப் பார்த்துவிட்டு
நீ இல்லை என்று பூட்டிக்கொண்டதாம்.
சொல்லிச் சிரித்தாள்.
கை தானாக மேலே போனது.
மறைக்க ஒன்றுமில்லாத இடத்தை
இன்னும் மறைத்துக்கொண்டிருந்தது.

அப்பா என்ன சொன்னார்?
"ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில்
என்னைத் தாண்டிப் போய்விட்டார்."
அதற்கும் சிரித்தாள்.

எனக்கு ஊழியர் தள்ளுபடி உண்டு, நாற்பது சதவீதம்.
வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.
ஒவ்வொரு ஜனவரியிலும் "கோடையில் பார்க்கலாம்" என்கிறேன்.
நான் வெளியில் விடும் படங்கள் எல்லாம்
முக்கால் முகம், இடப்பக்கம்.
ஆக, நீங்கள் என்னை ரொம்ப நம்ப வேண்டியதில்லை.

நேற்று கிளினிக்குக்குப் புதுக் கணினி வந்தது.
பதினோரு வருடப் படங்களையும் விழுங்கிவிட்டு
ஆள் வாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கியது.
முன்-படங்களில் தடுமாற்றமே இல்லை,
அவரவர் அவரவராக இருந்தார்கள்.
பின்-படங்களில் திணறியது.
இரண்டிரண்டு முகமாக எடுத்து வைத்து
இருவரும் ஒருவரா? என்றது.
யெலிஸையும் டோர்ட்முண்டிலிருந்து வந்த நர்ஸையும்.
நர்ஸையும் பாகுவின் மணப்பெண்ணையும்.
இருவரும் ஒருவரா?
இல்லை என்று அழுத்தினேன்.
கீழே மருந்துக்கடையின் ஷட்டர் இறங்கியது.
இல்லை. இல்லை. இவள் வேறு. இவள் ஆர்தெஷென்.
முன்பின் தெரியாதவர்கள்தான் எல்லோரும்.
ஆனால் இவர்களின் முன்னும் பின்னும் தெரிந்தவள்
இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தி.

நூற்று எண்பதாவது இல்லைக்குப் பிறகு
திரை மரியாதையாகக் கேட்டது:
இனிமேல் கேட்காமலேயே சேர்த்துவிடட்டுமா?

ஆம் என்பது நீலத்தில், அகலமாக.
மற்றது
சாம்பல் நிறத்தில்
ஓரமாக
எங்கேயோ இருந்தது.