நான்காவது உலோகம்

கதையில் வரும் விறகுவெட்டி
பொன் கோடரியைப் பார்த்து இல்லை என்றான்.
நான் ஆமாம் என்றேன்.

ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருந்தது.
மேட்டூரில் திறந்த தண்ணீர் குடமுருட்டிக்கு வந்து
மதகுப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.
என் இரும்பு எப்போது கை நழுவியதோ, தெரியாது.
நழுவிய இடத்தில் எழுந்து நின்றவள்
இதுவா உன்னுடையது என்றாள்.
அவள் கையில் இருந்தது வெயில்.

பதினோரு இரவு தூங்கவில்லை.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவி
பதினேழு என்று காட்டும் முன்பே
நெல் என் காதில் சொல்லிவிட்டது.
ஒரே மூச்சில் ஒன்பது பட்டுப்புடவை,
பத்து டிராக்டருக்கு முன்பணம்,
விடியக்காலை மூன்று மணிக்குக் கலெக்டர் ஆபீசுக்கு போன்:
கடலில் விழும் காவிரியைத் திருப்பிவிட
என்னிடம் திட்டம் இருக்கிறது.
பக்கிரிசாமி என் நகைகளை ஒளித்து வைத்தார்.
எனக்கு அவர்மேல் இரக்கம்தான். பாவம்,
இரும்போடு பிறந்த மனுஷன்.

ஐப்பசியில் வெள்ளி.
இதுவா என்று அவள் கேட்கவில்லை.
நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.
எழுந்து தலை சீவ
கார்த்திகை முழுதும் ஆனது.
கொல்லைக் கிணற்றின் மூடிக்கு
நாத்தனார் பூங்காவனம் இரண்டு பூட்டுப் போட்டாள்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் என்றார்கள்.
முகத்தில் தெளித்த தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.
அதைக் குறை சொல்லமாட்டேன்.

பங்குனியில் ஆறு மணலாகிவிடும்.
மணலிலிருந்து யாரும் எழுந்து வருவதில்லை.
பஸ் ஏறித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.
டோக்கன் எழுபத்திரண்டு.
டாக்டர் ரஹமத்துன்னிசா
எத்தனை மணி நேரம் தூங்குறீங்க என்றார்.
அப்புறம் மெதுவாக,
அந்த ஆடி மாசத்துல? என்றார்.
அழுதுவிட்டேன். அதுவும் நோய்தானென்று
அதுவரை யாரும் சொல்லவில்லை,
நானும்.

எழுதித் தந்தது லித்தியம்.
மகனின் ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் தேடினேன்.
உலோகங்களிலேயே எடை குறைந்தது.
தண்ணீரில் போட்டால் மூழ்காது.
கதையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாயெல்லாம் துரு ருசி.
ரசீது எழுதும்போது கை நடுங்கி
ஒன்று ஏழாகிவிடுகிறது,
குடியானவர்கள் சந்தோஷப்படுகிறார்கள்.
தாகம். டெல்டாவில் பிறந்தவளுக்கு இப்படியொரு தாகம்.
நெல்லுக்கு ஈரம் பார்க்கிறவளின் ரத்தத்தில்
மூன்று மாதத்துக்கொரு தடவை உப்புப் பார்க்கிறார்கள்.
பூஜ்யம் புள்ளி எட்டு.

உண்மை சொன்னவனுக்கு மூன்றும் கிடைத்ததாம்.
போன மாதம் டாக்டர் கேட்டார்,
மாத்திரை விடாம போடுறீங்களா?
இல்லை என்றேன். எட்டு நாள் போடவில்லை.
பொன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது.
அவர் திட்டவில்லை.
ஒரு வாரம் ஒழுங்கா போட்டுட்டு வந்து
ரத்தம் குடுங்க என்றார்.
அவ்வளவுதான் பரிசு.

இரும்பு திரும்பி வந்துவிட்டது.
யார் எடுத்துத் தந்ததென்று தெரியவில்லை.
காம்பு மட்டும் இற்றுப்போயிருந்தது.
வேலங்கொம்பில் புதுசு செதுக்குகிறேன்.
இன்னும் சரியாகச் செருகவில்லை,
ஓங்கினால் கழன்றுவிடும்.