பொருள் எண் 11

காலை பதினொன்றுக்கு என்று அறிவிப்பில் போட்டிருந்தேன்.
பன்னிரண்டரைக்கு ஐந்து உறுப்பினர் சேர்ந்தார்கள், அது போதும்.
தலைவர் ஜோதீஸ்வரி நாற்காலியில்,
அவர் கணவர் சன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்மேல்,
காது மட்டும் உள்ளே.

தீர்மானப் புத்தகம் என் கையெழுத்து.
பதினாறு வருடமாக ஈச்சங்குப்பம் பேசுவதை
யாரும் பேசாத ஒரு தமிழில் எழுதிவருகிறேன்.

"மோட்டாரு பொகைஞ்சி போச்சி, காயில் கட்டணும்"
என்று டேங்க் ஆபரேட்டர் முனிரத்தினம் சொன்னால்
'சிறு மின்விசைப் பம்பு பழுது நீக்கும் பொருட்டு
உத்தேசச் செலவினம் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது.'
"குடிக்கத் தண்ணி இல்ல, இன்னா பண்ணச் சொல்ற?"
என்று அத்தாவுல்லா மேசையைத் தட்டினால்
'உறுப்பினர் கருத்து பதிவு செய்யப்பட்டது.'
தட்டிய சத்தத்துக்குப் பத்தி கிடையாது.

பிளீச்சிங் பவுடர் நான்கு மூட்டை.
பாலாற்றில் கோழி இறகு கொட்டும் வண்டிக்கு எச்சரிக்கை,
போன மாதமும் எச்சரித்தோம், அதற்கு முந்தைய மாதமும்.
(ஆறு என்று நாங்கள் சொல்வது
சீமைக்கருவேலம் நிற்கும் அகலமான மணல்.
இப்போது மணலும் குறைவு.)
செலவுச் சீட்டு எட்டு. அனுமதிக்கப்பட்டது.
அனுமதிக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டது.
டீ வந்தது. அதற்குச் சீட்டு இல்லை,
துணைத்தலைவர் எத்திராஜுலு எப்போதும்போல் தன் பையிலிருந்து.

பதினொன்றாவது பொருளுக்குத்தான் பிரேமகுமாரி வாய் திறந்தார்.
ஆறாவது வார்டு. பேரணாம்பட்டு ஷூ கம்பெனி.
அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தே வந்தவர்,
நகக்கண்ணில் பசை இன்னும் காயவில்லை.

"ராத்திரி பத்தேமுக்காலுக்கு வேன் எறக்கிவுட்டுட்டுப் போவுது சார்.
பதினேழு பொண்ணுங்க.
ஓடைகிட்ட கீற கம்பத்துல லைட்டு எரிஞ்சி ஒண்ணரை வருசம் ஆவுது.
செல்லுல வெளிச்சம் அடிச்சிக்கினு
பாட்டுப் பாடிக்கினு போறோம்.
பாட்டு சந்தோசத்துக்கு இல்ல."

மின்விசிறி சுற்றியது.
சன்னல் காது கொஞ்சம் அசைந்தது.
"போட்டுடலாம்மா. எழுதுப்பா" என்றார் எத்திராஜுலு.
எழுதினேன்.
'கம்ப எண் 3/4-இல் எல்இடி விளக்கு ஒன்று. ஏகமனதாக.'
பிரேமகுமாரி கையெழுத்திட்ட இடத்தில்
அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டது.
கிழியாமல் பிரிக்க பிளேடு தேடினேன்.

விளக்கு வந்தது. மாட்டினார்கள்.
வெள்ளை வெளிச்சம், குறை சொல்ல முடியாது,
எத்திராஜுலுவின் மாட்டுக்கொட்டகை எதிரில்
இரவெல்லாம் அசைபோடும் நான்கு மாடுகளின் மேல்.

ஓடையோரக் கம்பம் 3/14.
அந்த ஒன்றை விட்டவன் நான்.
மறந்து விட்டேனா,
டீ குடித்த கை தானாக விட்டதா,
பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்,
மை எதுவும் சொல்லவில்லை.
"எழுதனது நீதானப்பா" என்கிறார் எத்திராஜுலு. உண்மை.

கே.வி.குப்பம் ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்:
எண்ணை மாற்றத் தீர்மானம் வேண்டும்.
தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும்.
கூட்டத்துக்குப் பிரேமகுமாரியின் இன்னொரு அரை நாள் வேண்டும்.
அதற்கான செலவுத் தலைப்பு
என் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நேற்று இரவு
டிவிஎஸ்ஸை ஓடைக்கரையில் நிறுத்தி
முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன்.
லத்தேரிப் பக்கம் ஒரு ரயில் ஊதிப் போனது.
வேன் வந்தது. இறங்கினார்கள். பாடத் தொடங்கினார்கள்.
வெளிச்சத்துக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்பது தெரிந்ததும்
பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது.

"நாந்தாம்மா, செகரட்டரி."

"லைட்ட எறக்குங்க சார், மூஞ்சில அடிக்குது."

இறக்கினேன்.
பதினேழு சோடிச் செருப்பு என்னைக் கடந்து போயிற்று.
ஓடை தாண்டி வெகுதூரம் போனபிறகுதான்
மறுபடி பாட்டு.